இடுப்புக்குள் இருப்பது எது

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் பிரேக் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள்தாம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அது வங்கிக் கணக்கில் மட்டும் இருந்தது. பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் பக்கம் ஒரு பிரேக்கும், சொல்லிக்கொடுப்பவர் பக்கம் இன்னொரு பிரேக்கும் இருக்குமல்லவா, அந்த இரண்டாவது பிரேக்கை விட்டு அவள் கால் இறங்கியதே கிடையாது. எதிரே நாய் வந்தால் மிதிப்பாள். நாய் வரக்கூடும் என்று தோன்றினாலும் மிதிப்பாள். கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போதும் மிதிப்பாள். சினிமா தியேட்டரில் திரையில் லாரி வேகமாக வந்தால், முன் ஸீட்டுக்காரர் முதுகைத் தடவிக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

இப்படி முப்பது வருஷம் மிதித்துத்தான் இடுப்பு போயிற்று என்பது அக்காவின் கட்சி. டாக்டர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தொடை எலும்பின் உச்சியில் உருண்டையாக ஒரு தலை உண்டு, அதற்குப் போகிற ரத்தம் குறைந்து எலும்பு உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகிற நோய் இது, பிரேக்குக்கும் இதற்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது என்றார்கள்.

"அவங்க யாருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. டிரைவர் வச்சிருக்கறவங்க. அதான் அப்படிப் பேசறாங்க" என்று அக்கா அந்த விவகாரத்தை முடித்துவிட்டாள்.

உளுத்த எலும்பை எடுத்துவிட்டு உலோகத்தில் செயற்கை இடுப்பு வைத்தார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் ஜோராக நடந்தாள். பிறகு லேசாக வலி, அப்புறம் காய்ச்சல், அப்புறம் காலைக் கீழே வைத்தாலே உயிர் போயிற்று. சோதித்துப் பார்த்ததில் உள்ளே வைத்த உலோகத்தின் மேல் கிருமிகள் குடியேறியிருந்தன. மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மருந்து அவற்றை அண்டாதாம். வாடகைக்கு வந்தவன் வீட்டை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட கதை. வீட்டையே இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வைத்ததை வெளியே எடுத்து, மருந்து கலந்த தற்காலிகமான ஒன்றை வைத்துத் தைத்து, கிருமி ஒழியட்டும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த மாதங்கள்தான் அக்காவின் வாழ்க்கையிலேயே மோசமானவை. பயிற்சிக் கார் உறை போட்டு வாசலில் நின்றது. படுக்கையில் இருந்தபடி ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கணவர் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஊராரின் பார்வையை அளந்து அளந்து பேச்சையும் அளந்தே பேசுகிறவர். ஒருநாள் அவர் சூப் கொண்டுவந்து வைத்தபோது அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"என்னங்க, இனிமே என்னால அந்த ஸீட்ல உக்காரவே முடியாதா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"முடியும். முடியலைன்னாலும், திட்டறதுக்கு இடுப்பு எதுக்கு?"

அக்கா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். சூப்பில் உப்பில்லை என்று திட்டினாள். அவருக்கு நிம்மதியாக இருந்தது.

கிருமி அடங்கியதும் புது இடுப்பு வைக்க வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே எலும்பு டாக்டரம்மா நெட்டையாக, நிதானமாக இருந்தார். ஒரு பொம்மை இடுப்பை மேஜைமேல் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"உங்களை மாதிரி ஒருதடவை இடுப்பு கெட்டுப்போனவங்களுக்கு மறுபடி கிருமி வர வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. அதுக்குத்தான் இங்க ஒரு ஆராய்ச்சி பண்றோம். வைக்கிற உலோகத்துமேல நானோ துகள் பூசியிருக்கும். ரெண்டு விதத் துகள். ஒண்ணு வெள்ளி, அது கிருமியை ஒட்ட விடாது. இன்னொண்ணு எலும்புல இருக்கற அதே தாது. அது இருந்தா உங்க எலும்பு உலோகத்தைச் சீக்கிரம் கெட்டியாப் பிடிச்சுக்கும்."

"எவ்வளவு பெரிசு இருக்கும், அந்தத் துகள்?"

"உங்க தலைமுடி ஒண்ணோட குறுக்குல ஆயிரம் துகளுக்கு மேல வரிசையா நிக்க வைக்கலாம்."

அக்கா தன் ஜடையிலிருந்து ஒரு முடியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இத்துனூண்டு இருந்துக்கிட்டு என்ன பண்ணும்?"

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுங்க. அவ்வளவு சின்னதா இருக்கறதுனாலதான் வேலையே செய்யுது. வழவழன்னு இருக்கற உலோகத்துல எலும்புக்குப் பிடிமானம் கிடைக்காது. துகள் பூசினா மேல்புறம் நுணுக்கமா சொரசொரன்னு ஆயிடும்."

அக்காவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. "மொட்டை டயருக்கும் பட்டன் டயருக்கும் உள்ள வித்தியாசம்."

"கிட்டத்தட்ட."

"அப்ப எனக்குப் பட்டன் டயரே போட்டுடுங்க."

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. ஆராய்ச்சியில் சேருகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் பூச்சுப் போட்டது. மீதிப் பேருக்கு வழக்கமான சாதா. யாருக்கு எது என்பதை எங்கோ ஒரு கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். இரண்டு வருஷம் கழித்துத்தான் சொல்வார்கள்.

"சரி, என்கிட்ட சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாது."

"வைக்கப்போறது நீங்கதானே?"

"நான்தான். பெட்டிமேல நம்பர் மட்டும் இருக்கும். பார்வைக்கு ரெண்டும் ஒரே மாதிரி."

"எதை வைக்கிறோம்னு தெரியாமலே வைக்கிற டாக்டரை இப்பதான் பாக்கறேன்" என்றாள் அக்கா.

கணவர் அவள் கையைத் தட்டினார். டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரிஞ்சா, புதுசு வச்சவங்களைக் கொஞ்சம் கூடுதலாக் கவனிப்பேன். உங்களுக்குத் தெரிஞ்சா, வலிச்சாலும் வலிக்கலைம்பீங்க. அப்புறம் எது நல்லதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டுல எது வந்தாலும் ஆபரேஷன் ஒண்ணுதான், கவனிப்பும் ஒண்ணுதான். இஷ்டமில்லைன்னா சேர வேண்டாம்."

அக்கா சேர்ந்தாள். குலுக்கலில் தனக்குத்தான் நல்லது விழும் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பெண்கள் வார்டில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பேக்கரிக்காரம்மா. நல்ல உடம்பு, பெரிய சிரிப்பு. அவளுக்கும் இதே கதை, இதே ஆராய்ச்சி. "எது வச்சா என்னக்கா? மாவு பிசையற நேரம் நிக்க முடிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். இப்படி ஒரு ஜீவன் இருக்க முடியுமா என்று அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

நடைப்பயிற்சி அறைக்கு அழைத்துப் போன முதல் நாள், இரண்டு பக்கமும் கம்பி வைத்த நடைபாதையின் மறுமுனையில் ஒரு மனிதர் கம்பியைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, ஒட்டிய கன்னம், காதில் பென்சில். ஆஸ்பத்திரி அங்கியில்கூடக் காதில் பென்சில் வைக்கிற ஒரே மனிதரை அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

லைசென்ஸ் தேர்வு வைக்கிற இன்ஸ்பெக்டர்!

இருபது வருஷமாக அக்கா பயிற்சி கொடுத்து அனுப்புகிற பிள்ளைகளை அவர் ஃபெயிலாக்கிக்கொண்டிருந்தார். சத்தம் போட மாட்டார். கண்ணாடியைப் பார்க்கவில்லை, ஃபெயில். கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தாய், ஃபெயில். அக்காவின் கணவரையே இரண்டு தடவை ஃபெயிலாக்கியவர் அவர். கணவர் வெறுத்துப்போய் ஸ்கூட்டரோடு நின்றுவிட்டார்.

கம்பிகளுக்கு நடுவே இருவரும் எதிரும் புதிருமாக நின்றார்கள். ஒருவர் பின்வாங்கினால்தான் மற்றவர் போகமுடியும். பின்னால் நடக்க இருவருக்குமே இன்னும் சொல்லித்தரவில்லை.

"எதிர்ல வர்றவங்களுக்கு வழி விடணும் மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நானும் உங்களுக்கு எதிர்லதான் வர்றேன் சார்."

பயிற்சி கொடுப்பவர் வந்து ஒருவரைத் தூக்கி ஓரமாக வைக்கவேண்டியதாயிற்று. அவர் இன்ஸ்பெக்டரைத் தூக்கினார், எடை குறைவு என்பதால். இதை அக்கா தன் முதல் வெற்றியாக எடுத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டரும் அதே ஆராய்ச்சியில் இருந்தார் என்று தெரிந்ததும் இருவருக்கும் தூக்கம் போயிற்று. தனக்கு நானோ வந்ததா என்பது பாதிக் கவலை. எதிராளிக்கு வந்துவிட்டதா என்பது முழுக் கவலை.

"உங்க நடையைப் பாத்தாலே தெரியுது மேடம், உங்களுக்குச் சாதாதான். உடம்பு ஒரு பக்கம் சாயுது."

"எனக்கு உள்ள சில்லுனு இருக்கு சார். வெள்ளின்னா அப்படித்தான் இருக்குமாம். உங்களுக்கு இருக்கா, சில்லுனு?"

இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் தன் இடுப்பைக் கவனித்தார். "இருக்கு" என்றார், அவ்வளவு உறுதியில்லாமல்.

அடுத்த முறை சோதனைக்கு வந்தபோது இருவரும் தங்கள் எக்ஸ்ரே படங்களை ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, யாருடையது வெளுப்பு என்று வாதம் செய்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் ஒரு நர்ஸ் வந்து, இன்ஸ்பெக்டர் தன் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பதாகச் சொன்னார். வீட்டில் அக்கா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்த பொம்மையை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தாள். பொம்மை நழுவி விழுந்தது. கணவர் அதை எடுத்துப் பழையபடி ஃபிரிட்ஜில் ஒட்டினார்.

"வெள்ளியைக் காந்தம் இழுக்காது. நீ போட்டிருக்கற உலோகத்தையும் இழுக்காது."

"அப்ப என்ன அர்த்தம்?"

"பொம்மைக்கு ஒண்ணும் தெரியலைன்னு அர்த்தம்."

பார்க்க வந்த நாத்தனார் வெள்ளி என்ற சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். "வெள்ளியா வச்சாங்க? ஏன் அண்ணி, தங்கம் கிடைக்கலையா?" என்று இரக்கத்தோடு கேட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு முழங்காலில் வைத்திருந்தது வெறும் ஸ்டீல். அன்றிலிருந்து அக்கா யார் கேட்டாலும் தன் இடுப்பில் நானோ இருப்பதாகவே சொன்னாள். "இருக்கலாம்" என்பதில் இருந்த "லாம்" எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது. மறுபடி பயிற்சி ஆரம்பித்த பிறகு, காரில் ஏறுகிற ஒவ்வொருவரும் கியர் போடக் கற்கிறதற்கு முன்னால் நானோ பற்றிக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் உள்ளுக்குள் அரிப்பு நிற்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

ஆராய்ச்சியில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, நடக்கவைத்து, வலி எப்படி என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஒரு சின்னப் பெண் இருந்தாள். எல்லாரும் ஆராய்ச்சிப் பொண்ணு என்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தே இளமை போகிறது என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள்.

"கார் ஓட்டக் கத்துக்கோயேன் பாப்பா. நான் சொல்லித்தர்றேன். நீ எனக்குத் தங்கச்சி மாதிரி" என்றாள் அக்கா. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பஸ் அலுப்பில் மறந்துவிட்டாள்.

முதல் நாள் அக்கா எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் நாளும் கேட்கவில்லை. மூன்றாவது பாடத்தில், மேட்டில் வண்டியை நிறுத்திப் பின்னால் உருளாமல் கிளப்பச் சொல்லிக்கொடுக்கும்போது, பெண் இரண்டு காலும் இரண்டு கையும் போதாமல் தவித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் கேட்டாள்.

"எனக்கு நானோதானே?"

"அக்கா, வண்டி பின்னாடி போகுது!"

"நான் பிரேக்ல கால் வச்சிருக்கேன். நீ சொல்லு."

"எனக்குத் தெரியாதுக்கா! சத்தியமா தெரியாது! எங்க யாருக்கும் தெரியாது!"

"அந்த இன்ஸ்பெக்டருக்காவது சாதாதானே?"

"அக்காஆ!"

ஒவ்வொரு பாடத்திலும் இதுதான். பெண் நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டாள். எப்படியாவது சீக்கிரம் லைசென்ஸ் வாங்கி இந்தக் காரிலிருந்து தப்பிவிட வேண்டும் என்ற வேகம்தான்.

தேர்வு நாள் வந்தது. தேர்வு வைக்க வந்தவர் இன்ஸ்பெக்டர். வேலைக்குத் திரும்பியிருந்தார், கையில் தடி, காதில் பென்சில். அக்கா மைதான ஓரத்து சிமெண்ட் பெஞ்சில் தன் தடியை ஊன்றி உட்கார்ந்துகொண்டாள். கார் மைதானத்தைச் சுற்றி, கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. அந்தப் பெண் இத்தனை அழகாக ஓட்டுவதைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

கார் திரும்பி வரும் வழியில், கேட்டுக்கு எதிரே, ஜனங்கள் கடக்கிற வெள்ளைக் கோடுகளின் நடுவே சடாரென்று நின்றது. என்ஜின் அணைந்தது. கதவு திறந்து ஆராய்ச்சிப் பொண்ணு சாவியோடு இறங்கினாள். உள்ளே இருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் அழுதுகொண்டே தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"தெரியாது சார்! உங்களுக்கு நானோவான்னு எனக்குத் தெரியாது! அவங்களுக்குச் சாதாவான்னும் தெரியாது! ஒருத்தர் மேட்டுல வச்சுக் கேக்கறாங்க, ஒருத்தர் டெஸ்ட்டுல வச்சுக் கேக்கறீங்க! நான் படிச்ச படிப்புக்கு இது தேவையா?"

பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். குரலை உயர்த்தவில்லை.

"கோட்டு மேல வண்டியை நிறுத்திட்டீங்க. ஃபெயில்."

இருபது வருஷமாகப் பார்த்த அந்த உதட்டசைவு அக்காவுக்குத் தூரத்திலிருந்தே புரிந்துவிட்டது. பெஞ்சிலிருந்து எழுந்தாள். மைதானத்தின் குறுக்கே விடுவிடுவென்று நடந்தாள்.

"என்ன சார் அநியாயம் இது! வாயைக் கொடுத்து வம்பு வாங்கினது நீங்க, ஃபெயில் அவளுக்கா?"

இன்ஸ்பெக்டரும் காரைவிட்டு இறங்கி நேரே அவளை நோக்கி வந்தார். "விதின்னா விதிதான் மேடம்! நீங்க சொல்லிக்கொடுத்த லட்சணம் அப்படி!"

"நீங்க ஏன் அவகிட்ட கேட்டீங்க?"

"நீங்க கேக்கலியா?"

"நான் பாடம் நடத்தும்போது கேட்டேன். டெஸ்ட்டுலயா கேட்டேன்?"

அழுதுகொண்டிருந்த ஆராய்ச்சிப் பொண்ணு சட்டென்று அழுகையை நிறுத்தினாள். அக்காவின் தடி பெஞ்சில் சாய்ந்திருந்தது. இன்ஸ்பெக்டரின் தடி காருக்குள் கிடந்தது. அவள் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

"நிக்காதீங்க! ரெண்டு பேரும் அப்படியே நடங்க! சண்டையை நிறுத்தாதீங்க, இது எங்களுக்கு வேணும்!"

இருவரும் அப்படியே நின்று, அவரவர் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் கையை மற்றவர் பார்த்தார்கள். தடி எடுத்துவரப் போவதற்கு இருவருக்குமே வெட்கமாக இருந்தது. மெதுவாகத் தெருவைக் கடந்து எதிர்க்கடையில் போய் உட்கார்ந்து டீ சொன்னார்கள். ஆராய்ச்சிப் பொண்ணுதான் பாவம், காரை ஓரங்கட்டிவிட்டு வந்தாள். பிற்பாடு வேறொரு இன்ஸ்பெக்டரிடம் ஓட்டிக் காட்டி அவள் சுலபமாகத் தேறிவிட்டாள்.

அதற்குப் பிறகும் இருவரும் சண்டை போட்டார்கள், ஆனால் டீக்கடையில் வைத்துப் போட்டார்கள். சில நாள் கண்ணாடிக்கடைக்காரரும் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்வார். அவர் ஒருதடவைதான் வாயைத் திறந்தார். "கண்ணுக்கே தெரியாத பொருளுக்கு இவ்வளவு பெரிய சண்டையை நான் பாத்ததில்லை" என்றார்.

ஒருவழியாக இரண்டு வருஷம் முடிந்தது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் ஆராய்ச்சியில் இருந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து டாக்டரம்மா பேசினார். பூச்சுப் போட்டவர்களில் மறுபடி கிருமி வந்தவர்கள் குறைவு, எலும்பு பிடித்துக்கொண்டதும் சீக்கிரம். ஆனாலும் இது சின்ன ஆராய்ச்சிதான், இன்னும் நிறையப் பேரிடம், இன்னும் நிறைய வருஷம் பார்க்கவேண்டும் என்றார். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியே உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா தன் நல்ல புடவையை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

ஆராய்ச்சிப் பொண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்குச் சாதா."

அக்கா சிரித்தாள். "விளையாடாதே."

"நிஜமாக்கா."

"சரியாப் பாரு. வேற யாராவதா இருக்கும்."

"பாத்துட்டேன்கா. ரெண்டு தடவை பாத்தேன்."

அக்காவுக்கு முதலில் கோபம் வந்தது. யார்மேல் கோபிப்பது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரைத் திட்டினால் அதற்கு உறைக்காது. "அப்ப நான் எப்படி இவ்வளவு நல்லா நடக்கறேன்?" என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்குப் போனாள்.

"சாதாவும் நிறையப் பேருக்கு நல்லாத்தான் வேலை செய்யும். உங்களுக்குச் செஞ்சிருக்கு. சந்தோஷப்படுங்க."

"உள்ள சில்லுனு இருந்துச்சே?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊரெல்லாம் சொல்லியாயிற்று. நாத்தனாரிடம் சொல்லியாயிற்று. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். அக்காவின் கெட்டிக்காரத்தனம் இரண்டு வருஷம் தாங்கிவிட்டது. அப்போதுதான் பேக்கரிக்காரம்மாவைக் கூடத்தில் காணோமே என்று உறைத்தது. விசாரித்தாள். மேல்மாடி வார்டில் படுத்திருப்பதாகச் சொன்னார்கள்.

அக்கா படியேறிப் போனாள். பேக்கரிக்காரம்மா கட்டிலில் பாதியாக இருந்தாள். பெரிய சிரிப்பு முகத்தில் தேடித்தான் கிடைத்தது.

"மறுபடி கிருமி வந்திடுச்சுக்கா. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. எனக்குச் சாதாவாம், இன்னிக்குக் காலையில வந்து சொன்னாங்க. உங்களுக்கு?"

"எனக்கும்தான்" என்றாள் அக்கா.

அதே வார்டு, அதே டாக்டர், அதே சாதா. ஒருத்தி படியேறி வருகிறாள், ஒருத்தி படுத்திருக்கிறாள். இதில் தன் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேக்கரிக்காரம்மாவின் பாதத்தைக் கையில் எடுத்துப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

"அடுத்து பூச்சுப் போட்டதையே வைக்கறாங்களாம்" என்றாள் பேக்கரிக்காரம்மா. "குலுக்கல் எதுவும் கிடையாதாம். நல்லபடியா ஆகும்ல அக்கா?"

"ஆகும்" என்றாள் அக்கா. இந்த முறை "ஆகலாம்" என்றுதான் சொல்லியிருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஆகும் என்றே சொன்னாள்.

நானோ விழுந்தது இன்ஸ்பெக்டருக்கு. அவர் குதிப்பார், கொண்டாடுவார், டீக்கடையில் மேடை போட்டுப் பேசுவார் என்று அக்கா எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் டீக்கடைப் பக்கமே ஒரு வாரம் வரவில்லை. பிறகு அவளிடம் படித்த ஒருவன் தேர்வு முடிந்து வந்து ஒரு செய்தி சொன்னான்.

"அக்கா, இன்ஸ்பெக்டர்கிட்ட சும்மா பேச்சு வாக்குல கேட்டேன், உங்க ரெண்டு பேர்ல யாருக்கு நானோன்னு. உங்களுக்குத்தானாம். தனக்குச் சாதான்னு சொன்னார்."

அக்காவுக்கு ஆத்திரம் பொங்கியது. நேரே லைசென்ஸ் ஆபீசுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் மதிய ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு எனக்காகப் பொய் சொன்னீங்க?"

அவர் ரொட்டியை மெதுவாக மென்று விழுங்கினார். "ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்களே மேடம். சங்கடமா இருக்குமேன்னு..."

"என் சங்கடத்தை நான் பாத்துக்கறேன். இருபது வருஷம் என் பிள்ளைங்கள்ல ஒருத்தனுக்காவது இரக்கம் பாத்தீங்களா? இப்ப எனக்கு மட்டும் எதுக்கு?"

"அது வேலை" என்றார் இன்ஸ்பெக்டர். காதிலிருந்த பென்சிலை எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது வேலை இல்லியே."

அக்கா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் டப்பாவிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலையே நாத்தனாருக்குப் போன் செய்து, தன் இடுப்பில் வெள்ளியும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொன்னாள். "பாவம் அண்ணி, ஏமாத்திட்டாங்களா?" என்று நாத்தனார் வருந்தினாள். காரில் ஏறிய ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பழைய மாணவர்கள் தெருவில் எதிர்ப்பட்டால் நிறுத்தி வைத்துச் சொன்னாள். நானோ இருந்ததைச் சொன்ன அதே உற்சாகத்தோடு இல்லாததையும் சொல்லிக்கொண்டு போனதில், முன்னால் கேள்விப்படாதவர்களுக்கும் இப்போது விஷயம் தெரிந்துபோயிற்று.

பேக்கரிக்காரம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி, நடைப்பயிற்சி தொடங்கிய பிறகு, அக்கா வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பை ஒதுக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இன்ஸ்பெக்டரும் வந்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். குதிகாலை முதலில் ஊன்று என்பாள் அக்கா. முட்டியை மடக்காதே என்பார் இன்ஸ்பெக்டர். நடுவே அந்த அம்மாள் வியர்த்து வழிந்தபடி தள்ளாடித் தள்ளாடி வருவாள்.

ஒருநாள் அவள் கம்பியின் பாதிவழியில் நின்றுவிட்டாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க. நீங்க சொல்றதைக் கேட்டா எந்தக் காலை வைக்கிறதுன்னே மறந்துபோகுது."

பயிற்சி கொடுப்பவர் கைதட்டினார். அக்காவும் இன்ஸ்பெக்டரும் சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் அடக்கமாக உட்கார்ந்தார்கள். பேக்கரிக்காரம்மா கம்பியை விட்டுக் கையை எடுத்து, ஒரு அடி வைத்தாள். நின்றாள். இன்னொரு அடி வைத்தாள்.

"சாயுது" என்று இன்ஸ்பெக்டர் வாய்க்குள் முணுமுணுத்தார்.

"சும்மா இருங்க சார்" என்றாள் அக்கா, கண்ணை எடுக்காமல்.